மாத்திரைக்குப் பதில் வாக்கிங் போதுமா?

கேள்வி இதுதான். கேட்டவரின் தம்பிக்கு 26 வயது. ஐந்தாறு மாதமாக எதிலும் ஈடுபாடில்லை, தூக்கம் சரியில்லை, வேலை முடிந்து வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். மனநல மருத்துவர் பார்த்துவிட்டு, மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. வீட்டில் பெரியப்பாவோ, "மாத்திரைக்கெல்லாம் அடிமையாகாதே, விடியற்காலையில் எழுந்து கிரவுண்டில் நாலு ரவுண்டு ஓடு, எல்லாம் பறந்துவிடும்" என்கிறார். உடற்பயிற்சிக்கு அவ்வளவு சக்தி உண்டா, மாத்திரையை நிறுத்தலாமா, படுக்கையை விட்டே எழாதவரை எப்படி ஓட வைப்பது என்று அக்கா கேட்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்தில் பெரிதாக மாற்றம் தெரியாதது இயல்பு. இந்த வகை மாத்திரைகள் முழுப் பலன் காட்ட நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். பெரியப்பா பயப்படுவதுபோல் மதுவைப் போலவோ சில தூக்க மாத்திரைகளைப் போலவோ ஏங்க வைக்கிறவை அல்ல இவை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரலாம். எப்போது நிறுத்துவது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சரி, இனி பெரியப்பாவுக்கு வருவோம். அவர் சொல்வதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் என்பவர் குழு 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும். இன்னொரு பிரிவுக்குச் செர்ட்ராலின் மட்டும்; உங்கள் தம்பி சாப்பிடும் அதே மருந்து. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். உடற்பயிற்சி என்றால் வாரம் மூன்று நாள், மேற்பார்வையாளர் முன்னிலையில், உடம்பைச் சூடேற்றிக்கொள்ளப் பத்து நிமிடம், அப்புறம் அரை மணி நேரம் விறுவிறுப்பான நடை, மெல்லோட்டம் அல்லது சைக்கிள். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். மாத்திரைப் பிரிவில் முன்னேற்றம் சீக்கிரம் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பத்திரிகைகளில் 'மாத்திரைக்கு மாற்று ஓட்டம்' என்ற தொனியில் இன்றும் எழுதப்படுவதற்கு இதுதான் மூலம். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது: எதுவுமே செய்யாத, அல்லது மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட பிரிவு இந்த ஆய்வில் இல்லை. மனச்சோர்வு பல பேருக்குக் காலப்போக்கில் தானாகவும் குறையும். அதனால் அதே குழு 202 பேரை வைத்து மறுபடி செய்து, 2007-இல் வெளியிட்டது. மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம், வீட்டில் தாங்களே செய்தவர்களில் 40 சதவீதம், மருந்து சாப்பிட்டவர்களில் 47 சதவீதம் பேர் மனச்சோர்வு நோய் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்தார்கள். மாவு மாத்திரைப் பிரிவிலும் 31 சதவீதம் பேர் அந்த நிலைக்கு வந்திருந்தார்கள். எனக்கு இந்த 31 முக்கியமாகப் படுகிறது. "நான் ஓடினேன், சரியாகிவிட்டது" என்று நமக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் கதைகளில், ஓடாமலே சரியாகியிருக்கக்கூடியவர்களும் கலந்திருப்பார்கள். 'மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது' என்ற கதைக்கும் இதே கணக்குதான்.

அதன்பின் நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்துவிட்டன. தரமும் ஒரே மாதிரி இல்லை. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தத்தில் நல்ல பலன் தெரிந்தது. மிகக் கண்டிப்பாக நடத்தப்பட்ட சில ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தபோது அந்தப் பலன் வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளை, 14,000-க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய தொகுப்பு வந்தது. நடை, மெல்லோட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவை முன்னணியில் இருந்தன. விறுவிறுப்பு கூடக் கூடப் பலனும் கூடியது. பயிற்சியில் இருக்கிறோம் என்பது செய்கிறவருக்கே தெரியும் என்பதால், மாத்திரையைச் சோதிப்பதுபோல் இதைக் கண்ணைக் கட்டிச் சோதிக்க முடியாது. அந்தச் சந்தேகம் எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆனாலும் லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி ஓர் உண்மையான சிகிச்சை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் பெரியப்பாவின் அறிவுரை பலிப்பதில்லை? இதற்கு விடை இங்கிலாந்தில் கிடைக்கிறது. 2012-இல் வெளியான ஆய்வு அது. மனச்சோர்வு இருந்த 361 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு, உடலை அசைக்கச் சொல்லி ஊக்கப்படுத்த ஓர் ஆலோசகர். நேரில் சில முறை, ஃபோனில் பல முறை, மாதக்கணக்கில் பேசினார். ஆலோசனை பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக நடமாடவும் செய்தார்கள். ஆனால் மனச்சோர்வில் வித்தியாசமே இல்லை.

டியூக்கில் ஆட்கள் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தார்கள். அங்கே ஒருவர் காத்திருந்தார். அவர் கண் முன்னால் வியர்க்க வியர்க்கச் செய்தார்கள். இங்கிலாந்தில் கிடைத்தது பேச்சு. அன்பான, பயிற்சி பெற்றவர்களின் பேச்சு, ஆனால் பேச்சுதான். இரண்டு ஆய்வுகளின் ஆட்களும் சூழலும் வேறு என்பதால் நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று ஆய்வாளர்கள் எச்சரிப்பார்கள், நியாயம். இருந்தாலும் என் புரிதல் இது: உடற்பயிற்சி மருந்தாக வேலை செய்கிறது; 'உடற்பயிற்சி செய்' என்ற அறிவுரை அப்படி வேலை செய்வதில்லை. மனச்சோர்வு முதலில் பிடுங்கிக்கொள்வது எழுந்து கிளம்பும் தெம்பைத்தான். அதே தெம்பைக் கேட்கிற சிகிச்சையை ஒருவர் கையில் கொடுத்து 'நீயே செய்துகொள்' என்றால் அவரால் முடியாது. முடியாமல் போகும்போது, 'இதுகூட என்னால் முடியவில்லை' என்ற குற்றவுணர்வு வேறு சேர்ந்துகொள்ளும். அறிவுரை அங்கே கெடுதலாகவே ஆகிவிடுகிறது.

நெதர்லாந்தில் 2023-இல் வந்த ஓர் ஆய்விலும் இதே சிக்கல் தெரிகிறது. மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்த 141 பேரிடம், மாத்திரையா ஓட்டக்குழுவா என்று கேட்டார்கள். 96 பேர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 16 வாரத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் சுமார் 44 சதவீதம் பேர் தேறினார்கள். ஓடியவர்களுக்கு எடை, ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு ஆகியவையும் சீராயின. மாத்திரைப் பிரிவில் அவை சற்று மோசமாகின. ஆனால் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டவர்கள் 82 சதவீதம். சொன்னபடி ஓடியவர்கள் 52 சதவீதம்தான். தாங்களே விரும்பித் தேர்ந்தெடுத்து, குழுவாக, பயிற்சியாளர் துணையோடு ஓடியவர்களிலேயே பாதிப் பேரால் தொடர முடியவில்லை! அறைக்குள் தனியாகப் படுத்திருக்கும் 26 வயதுப் பையனிடம் விடியற்காலை நாலு ரவுண்டு எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் 2022 முதல், தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு உடற்பயிற்சியை ஒரு சிகிச்சையாகவே பட்டியலிடுகிறது. அதிலும் குழுவாக, பயிற்சியாளர் நடத்தும் பயிற்சி என்றுதான் இருக்கிறது.

உடம்பு அசைந்தால் மனம் ஏன் தேறுகிறது என்பதற்கு வாட்ஸ்அப்பில் வரும் விளக்கம் எண்டார்ஃபின். ஓடினால் எண்டார்ஃபின் சுரக்கும், அது சந்தோஷ ஹார்மோன், முடிந்தது கதை. ஆனால் ரத்தத்தில் ஏறும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஜெர்மனியில் 2021-இல் வெளியான ஒரு சோதனையில், 63 பேருக்கு எண்டார்ஃபின் வேலை செய்யும் வழியையே மருந்து கொடுத்து அடைத்துவிட்டு ஓட விட்டார்கள். அப்படியும் ஓட்டத்துக்குப் பின் வரும் உற்சாகமும் பதற்றக் குறைவும் வந்தன. இப்போது ஆய்வாளர்களின் பார்வை எண்டோகன்னாபினாய்டு என்ற வேறொரு வகை வேதிப்பொருள்கள் மீது திரும்பியிருக்கிறது. அதுவும்கூட ஓடி முடித்த சில மணி நேரத்து உற்சாகத்தைத்தான் விளக்கும். வாரக்கணக்கில் ஏற்படும் மாற்றத்துக்கு வேறு காரணங்கள் வேண்டும்.

அதில் ஒன்று மூளையின் வளர்ச்சி. 2011-இல் அமெரிக்காவில், 120 முதியவர்களில் பாதிப் பேரை ஓராண்டு நடக்க வைத்தார்கள். மீதிப் பேருக்கு உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும். நடந்தவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவோடும் மனநிலையோடும் தொடர்புள்ள பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. மற்றவர்களுக்கு அது சுருங்கியது. நீண்ட நாள் மனச்சோர்வில் இந்தப் பகுதி சிறுத்திருப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் 2 சதவீத வளர்ச்சிதான் மனதைத் தேற்றுகிறது என்று நேராகக் கோடு போட இன்னும் யாராலும் முடியவில்லை.

என்னைக் கேட்டால், இவ்வளவு உள்ளே போக வேண்டாம். பகலில் வெளிச்சத்தில் நடந்தவருக்கு இரவில் தூக்கம் வருகிறது. தூக்கம் சீரானாலே மனச்சோர்வின் பாதிப் பிடி தளரும். அடுத்தது, மனச்சோர்வில் இருப்பவர் 'மனசு சரியானதும் எல்லாம் செய்கிறேன்' என்று காத்திருப்பார். அது சரியாவதற்கான சம்பவம் எதுவும் அறைக்குள் நடக்காது. சின்னதாக ஏதாவது செய்தால்தான் மனம் பின்னாலேயே வரும் என்ற அடிப்படையில் ஒரு முழு உளவியல் சிகிச்சை முறையே இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு ஏதும் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அந்த முறையை நடுத்தர, தீவிர மனச்சோர்வு உள்ளவர்களிடம் பயன்படுத்தினார்கள். நல்ல பலன் கிடைத்தது என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. நடைப்பயிற்சியின் சக்தியில் ஒரு பெரும்பகுதி இதுதான் என்று நான் நம்புகிறேன்: காலைச் செருப்பில் நுழைத்தது, தெருவைப் பார்த்தது, தெரிந்தவர் ஒருவர் தலையசைத்தது.

பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கு இன்னொரு பலனும் உண்டு. அவர்களுக்கு நெஞ்சு படபடத்தாலே ஹார்ட் அட்டாக் என்று பயம் வரும். வேகமாக நடக்கும்போதும் அதே படபடப்பு, அதே மூச்சிரைப்பு, அதே வியர்வை. ஆனால் ஒன்றும் ஆவதில்லை. பத்து முறை, இருபது முறை இது நடந்த பிறகு, படபடப்பைக் கண்டு உடம்பு பழையபடி அலறுவதில்லை.

இந்த இடத்தில் பலர் கேட்பது: "அம்மா நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறாரே, வயல் வேலை செய்கிறவர் இவ்வளவு உழைக்கிறாரே, அவர்களுக்கு மனச்சோர்வே வராதா?" வரும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், விருப்பத்தோடு செய்யும் விளையாட்டு, நடை, சைக்கிளில் போய்வருவது ஆகியவற்றோடு நல்ல மனநிலை சேர்ந்து வருகிறது. வீட்டு வேலைக்கோ கூலி வேலைக்கோ அந்தத் தொடர்பு தெரிவதில்லை. வேலையிடத்து உழைப்பில் சில சமயம் தலைகீழாகவே இருக்கிறது. உடம்பு செலவழிக்கும் கலோரி ஒன்றுதான். ஆனால் பாத்திரம் தேய்ப்பவருக்கு 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமை கிடையாது, ஓய்வும் கிடையாது. வீட்டில் அம்மாவுக்கு மனம் சரியில்லை என்றால் அவரிடம் 'வாக்கிங் போங்கள்' என்று சொல்வதற்கு முன், அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்படியை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் தம்பிக்கு என்ன செய்யலாம்? விடியற்காலையை மறந்துவிடுங்கள். மனச்சோர்வில் பலருக்குக் காலை நேரம்தான் மிக மோசமாக இருக்கும். மாலையாக ஆகத்தான் கொஞ்சம் லேசாகும். நம் ஊரில் அதிகாலையில் எழுவதை ஒழுக்கமாகவே பார்ப்பதால் இது யாருக்கும் உறைப்பதில்லை. அவர் வேலையிலிருந்து வந்து, அறைக்குள் நுழைவதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் உங்களுக்கு வாய்ப்பு. சட்டை மாற்றிப் படுத்துவிட்டால் எழுப்புவது கஷ்டம். வாசலிலேயே நின்று, "டீக்கடை வரைக்கும் போய்வரலாம், வா" என்று சொல்லுங்கள். 'உடற்பயிற்சி' என்ற பேச்சே வேண்டாம். கூடவே நடங்கள். நீங்கள் வேறு ஊரில் இருந்தால் நண்பன் ஒருவனைப் பிடியுங்கள். ஓடச் சொன்ன பெரியப்பாவே துணைக்கு வரத் தயாரென்றால் இன்னும் நல்லது. ஒரு நிபந்தனை, வழியில் புத்திமதி கூடாது. "என்னதான்டா உனக்குக் கவலை" என்று ஆரம்பித்தால் மறுநாள் தம்பி வர மாட்டார். பேசாமல் நடந்தாலே போதும். அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரம்? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி என்கிறது. ஆனால் 1,90,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2022-இல் வந்த ஆய்வில், அந்த அளவை எட்டியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பாதி மட்டுமே செய்தவர்களுக்கே 18 சதவீதம் குறைவு. அதாவது ஒன்றுமே இல்லாததிலிருந்து கொஞ்சத்துக்குப் போகும்போதுதான் பெரிய லாபம். பாதி என்பது ஒரு நாளைக்குப் பத்துப் பதினொரு நிமிடம். நோய் வராமல் இருப்பதைப் பற்றிய கணக்கு இது. வந்த நோய்க்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஆரம்பிக்க இது தைரியம் தரும் எண். தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நல்ல விஷயம்தான். உங்கள் தம்பி இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்து, பத்து நிமிடம் எளிதாகிவிட்டால், வேகத்தைக் கூட்டலாம். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. அப்புறம் அவருக்கு எது பிடிக்குமோ அது. முன்பு ஷட்டில் ஆடியவர் என்றால் அதற்கே திரும்பட்டும்; நாலு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் 'இன்று ஏன் வரவில்லை' என்று கேட்க ஆள் இருக்கும். ஜிம் என்றால் ஜிம். எடை தூக்கும் பயிற்சியும் மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: கண்ணாடியைப் பார்த்துத் தன் உடம்பை வெறுப்பது, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி செய்வது என்று போனால் அது நோயின் இன்னொரு முகம். ஒரு நாள் விட்டுப்போனால் அதைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். மறுநாள் மாலை வழக்கம்போல வாசலில் நில்லுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் நடையெல்லாம் அப்புறம். சாவைப் பற்றிப் பேசுவது, 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்பது, பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, சாப்பாட்டையும் குளியலையும் அடியோடு விடுவது, இல்லாத குரல் கேட்பது. இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இளைஞர்களுக்கு இந்த மாத்திரைகளை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். அதேபோல் திடீரென்று தலைகால் புரியாத உற்சாகம், இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு விடிவதற்குள் பத்துக் கிலோமீட்டர் ஓடிவருவது, பணத்தை வாரி இறைப்பது என்று ஆரம்பித்தால் 'ஆஹா, தேறிவிட்டான்' என்று மகிழாதீர்கள். அது, சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, வாரத்தில் எத்தனை நாள் வெளியே போனார், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். 'பரவாயில்லை டாக்டர்' என்ற ஒற்றைப் பதிலைவிட அவருக்கு அது உபயோகப்படும். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கவில்லை என்றால் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டும் குறைந்தாலும் இதே சோர்வு வரும். ஆறு வாரம் கழித்தும் மாற்றமில்லை என்றால் டோஸை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா, பேச்சு சிகிச்சை சேர்ப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். நன்றாகத் தேறிய பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தில் நடை ஒரு பழக்கமாகிவிட்டால், மாத்திரையைக் குறைக்கும் பேச்சை அப்போது டாக்டரிடமே எடுக்கலாம்.